டெக்னோவும் டிரான்ஸும் கலந்த முதல் மிக்ஸ்: வீட்டில் செய்து லிங்க் அனுப்பும் வரை

பாட்டுகளை (டிராக்) இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று இணைத்துச் செய்யும் டி.ஜே. தொகுப்புதான் மிக்ஸ். முதல் மிக்ஸுக்கு 30 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று இறங்கினால் 12, 13 டிராக் தேவைப்படும். பத்தாவது இணைப்பில் கை தவறினால் ஐம்பது நிமிட உழைப்பு போய்விடும். 30 நிமிடத்துக்கு 7 டிராக், 6 இணைப்பு. அந்த ஆறும் சுத்தமாக இருந்தால் ஓசூர் நண்பருக்கும் அனுப்பலாம், ஊர் பேர் தெரியாதவருக்கும் அனுப்பலாம்.

எங்கே சேரும், எங்கே முட்டும்

டெக்னோ 1980களின் நடுவில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் வளர்த்தெடுத்த இசை. டிரான்ஸ் 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக பிராங்பர்ட்டில், தலையெடுத்தது. இரண்டிலும் பீட்டுக்கு ஒரு கிக், அதாவது கனமான டிரம் அடி, விழும். ரோலண்ட் 1983இல் கொண்டுவந்த டி.ஆர்.-909 டிரம் மெஷினின் கிக்கும், ‘ட்ஸ்’ என்ற தட்டு ஒலியான ஹை-ஹேட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். எலும்புக்கூடு ஒன்றாக இருப்பதால்தான் இரண்டும் ஒட்டுகின்றன.

முட்டுவது உடம்பில். டெக்னோவில் கிக் அநேகமாக நிற்காது. சின்னச் சின்ன மாற்றத்தோடு அதே சுற்று திரும்பத் திரும்ப வரும். டிரான்ஸில் பாதி வழியில் கிக் நின்றுவிடும், மெலடி மட்டும் தனியாக ஏறும், பம்பைக்காரர் கடைசியில் உருட்டி எழுப்புவதுபோல ஸ்நேர் டிரம் உருண்டு வரும், பிறகு கிக் ‘டம்’ என்று விழும். முன்னதை பிரேக்டவுன் என்றும், விழும் இடத்தை டிராப் என்றும் சொல்வார்கள். இந்தப் பிரேக்டவுன் எந்த நிமிடத்தில் வருகிறது என்று தெரியாமல் மேலே இன்னொரு டிராக்கை ஏற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டெக்னோ, ஒரு டிரான்ஸ் என்று மாற்றி மாற்றி வைக்காதீர்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பதுபோல இருக்கும். மூன்று டெக்னோவில் தொடங்கி, நடுவில் இரண்டு குணமும் உள்ள ஒரு டிராக்கைப் பாலமாக வைத்து, பிறகு மூன்று டிரான்ஸுக்குப் போவது எளிய வழி. பாலத்துக்கு ஆசிட் வகை நன்றாகப் பொருந்தும். அதில் வரும் ரோலண்ட் டி.பி.-303 பேஸ் சிந்தசைசரின் நெளியும் ஒலி இரண்டு வீட்டுக்கும் சொந்தம். கோவா வழியாக நம்மவர்களுக்குப் பழக்கமான, டிரான்ஸின் கிளையான சைடிரான்ஸை முதல் மிக்ஸில் தவிர்ப்பது நல்லது. அதன் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 140 பீட்டுக்கு மேல்; பேஸ் என்ற அடி ஒலி இடைவெளியே விடாமல் உருளும். டெக்னோவின் கனமான கிக்கோடு சேர்த்தால் அடிப்பகுதி சேறாகிவிடும்.

வேண்டிய பொருட்கள்

ஒரு லேப்டாப், கம்பி உள்ள ஹெட்போன், மிக்ஸ் செய்ய மிக்ஸெக்ஸ், வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. இரண்டு மென்பொருளும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ப்ளூடூத் ஹெட்போன் உதவாது. அதில் ஒலி 150, 200 மில்லிசெகண்ட் தாமதமாக வருவது சாதாரணம். 136 பி.பி.எம். (நிமிடத்துக்கு 136 பீட்) வேகத்தில் ஒரு பீட்டே 441 மில்லிசெகண்ட்தான். கிட்டத்தட்ட அரை பீட் பின்தங்கிய ஒலியைக் கேட்டுக்கொண்டு எதையும் சரியாகச் சேர்க்க முடியாது.

அடுத்து வரும் டிராக்கை ஹெட்போனில் மட்டும் முன்கூட்டியே கேட்க இரண்டு ஒலி வழிகள் தேவை. லேப்டாப்பில் ஒன்றுதான் இருக்கும். சில நூறு ரூபாய் யு.எஸ்.பி. சவுண்டு கார்டு ஒன்றைச் செருகினால் இரண்டாவது கிடைத்துவிடும். நாபையும் (திருகு), ஃபேடரையும் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளுபட்டை) கையால் இயக்கும் கன்ட்ரோலர் கருவி வாங்குவதானால் சவுண்டு கார்டு உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழையதைத் தேடி பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு வரை போகிறவர்கள் ஹெட்போனையும் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு நாபையும் மெதுவாகத் திருகிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசி. ஃபேடரிலும் அதே சத்தம் என்றால் விட்டுவிடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே லேப்டாப் சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாட்டு ‘டக் டக்’ என்று வெட்டும். பலர் மென்பொருளைத் திட்டுவார்கள். இரவில் பதியுங்கள், லேப்டாப்பை மெத்தைமேல் வைக்காதீர்கள். மிக்ஸெக்ஸ் அமைப்பில் ஆடியோ பஃபரை (ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் நேரம்) 20 மில்லிசெகண்ட் அளவுக்கு ஏற்றினால் பெரும்பாலும் வெட்டு நின்றுவிடும். ஸ்லீப் மோடை அணைத்துவிட்டு, சார்ஜரைப் போட்டே வைத்திருங்கள். கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும்.

டிராக் தேர்வு: இங்கேதான் பாதி வேலை

வாங்கிய கோப்புகளையே பயன்படுத்துங்கள்: வேவ், ஃப்ளாக், அல்லது 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3. பேண்ட்கேம்ப்பிலும் பீட்போர்ட்டிலும் ஒவ்வொரு டிராக்காக வாங்கலாம். யூடியூபிலிருந்து உருவி எடுத்ததைப் பெரும்பாலும் கண்ணாலேயே பிடிக்கலாம். ஆடாசிட்டியில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பார்வைக்கு மாற்றினால் பல நேரம் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல வெறுமையாக இருக்கும். தனியாகக் கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. நல்ல கோப்புக்குப் பக்கத்தில் வந்ததும் ஹை-ஹேட் மங்கிப்போய், போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல இருக்கும்.

மிக்ஸெக்ஸில் ஏழு டிராக்கையும் அனலைஸ் செய்தால் வேகமும் கீயும் (பாட்டு எந்தச் சுருதியில் அமைந்தது என்பது) கிடைக்கும். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். 136ஐ 68 என்று காட்டினால் இரட்டிப்பாக்குங்கள். கிக் இல்லாமல் மெதுவாகத் தொடங்கும் டிரான்ஸில் பீட் கிரிட் (பீட் விழும் இடங்களை மென்பொருள் குறிக்கும் கோடுகள்) அரை பீட் தள்ளி விழுவது உண்டு. அந்த நிலையில் இரண்டு டிராக்கின் பீட்டையும் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தானை அமுக்கினால் இரண்டு கிக்கும் முன்னும் பின்னுமாக விழுந்து குதிரைக் குளம்பு மாதிரி ‘டடக் டடக்’ என்று ஓடும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, முதல் கிக்கின் கூரிய தொடக்கத்தில் கிரிட் கோட்டை வையுங்கள். பிறகு டிராக்கின் கடைசி நிமிடத்துக்குப் போய் அங்கேயும் கோடு கிக் மேலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

கீயை எண்ணும் எழுத்துமாக எழுதும் கேமலாட் முறை எளிது. ஏ மைனர் 8ஏ, ஈ மைனர் 9ஏ, டி மைனர் 7ஏ, சி மேஜர் 8பி. ஒரே எண், பக்கத்து எண், அல்லது எண் மாறாமல் ஏ-பி மாற்றம்: இந்த மூன்று நகர்வுக்குள் அடுத்த டிராக்கை வையுங்கள். மெலடியே இல்லாத டெக்னோவுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. டிரான்ஸ் வந்ததும் சலுகை கிடையாது. கீ தவறினால் சங்கீதம் தெரியாதவருக்கும் முகம் சுளிக்கும்.

வேகத்தில் நேரும் ஒரு கோளாறு பலருக்கும் புரிவதில்லை. டெக்னோ 134, டிரான்ஸ் 138, இரண்டும் ஏ மைனர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 136க்குக் கொண்டுவருகிறீர்கள். ஒன்று 1.5 சதவீதம் ஏறுகிறது, மற்றொன்று கிட்டத்தட்ட அதே அளவு இறங்குகிறது. வேகம் மாறினாலும் சுருதியை அசையாமல் பிடிக்கும் கீ லாக் போடாவிட்டால் வேகத்தோடு சுருதியும் நகரும்: ஒன்று அரைச்சுரத்தில் கால் பங்கு மேலே, மற்றொன்று அதே அளவு கீழே. கீ சரியாகப் பார்த்து எடுத்த இரண்டு டிராக்கும் அரைச்சுரத்தில் பாதி விலகி நின்று, சுருதி சேராத நாதஸ்வர ஜோடி மாதிரி ஒலிக்கும். டிராக் ஓடும் இரண்டு டெக்கிலும் கீ லாக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். வேக மாற்றத்தை 4 சதவீதத்துக்குள் வைத்தால் ஒலியும் நசுங்காது. 30 நிமிடத்தில் 132இலிருந்து 138 வரை, டிராக்குக்கு ஒன்று என்று ஏறுவது கேட்பவருக்குத் தெரியாமலேயே நடக்கும்.

ஓர் இணைப்பு, பீட் பீட்டாக

இந்த இசை 32 பீட் கட்டுகளாக நடக்கும். ஆதி தாளம் போடத் தெரிந்தவருக்கு நான்கு ஆவர்த்தனம். கட்டு தொடங்கும் இடத்தில்தான் புதிய ஒலி வரும், பழையது போகும். 136 வேகத்தில் ஒரு கட்டு சுமார் 14 நொடி. பீட் சேர்ந்தும் கட்டு சேராவிட்டால் இணைப்பு ஏனோ சரியில்லை என்று தோன்றும், காரணம் பிடிபடாது.

டெக்னோ ஓடிக்கொண்டிருக்கிறது, டிரான்ஸ் வர வேண்டும். டெக்னோ முடிய நான்கு கட்டு, அதாவது 128 பீட், இருக்கும்போது ஒரு கட்டின் முதல் கிக்கில் டிரான்ஸைத் தொடங்குங்கள். ஒவ்வொரு டெக்குக்கும் லோ, மிட், ஹை என்று அடி, நடு, மேல் ஒலிகளுக்கான நாப்கள் உண்டு; டிரான்ஸின் லோ நாப் முழுக்க மூடியிருக்க வேண்டும். முதல் கட்டு முழுவதும் அதன் ஃபேடரை மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். கேட்பவருக்கு ஹை-ஹேட் கூடினதுபோல மட்டும் தெரியும். இரண்டாவது கட்டில் டெக்னோவின் ஹை நாபைக் கடிகாரத்தில் பத்து மணி நிலைக்கு இறக்குங்கள். 65ஆவது பீட்டில் இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும்: இடது கை டெக்னோவின் லோவை மூட, வலது கை டிரான்ஸின் லோவைப் பன்னிரண்டு மணிக்குத் திறக்க. இது ஒரு பீட்டுக்குள் முடிய வேண்டும். மெதுவாகத் திருப்பினால் நடுவில் இரண்டு பேஸும் சேர்ந்து வீங்கும், அல்லது இரண்டுமே இல்லாமல் அடி காலியாகும். மூன்றாவது, நான்காவது கட்டுகளில் டெக்னோவின் மிட்டைக் கரைத்து, 128ஆவது பீட்டுக்குள் ஃபேடரை மூடிவிடுங்கள். மொத்தம் 56 நொடி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டிரான்ஸின் மெலடி அந்த 128 பீட்டுக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். 64இலேயே மெலடி வந்துவிட்டால் எல்லாவற்றையும் பாதியாகச் சுருக்கி, லோ மாற்றத்தை 33ஆவது பீட்டில் செய்யுங்கள்.

டிரான்ஸிலிருந்து டெக்னோவுக்குத் திரும்ப, கடைசியில் கிக் மட்டும் ஓடும் பகுதியில் மேற்சொன்னபடியே செய்யலாம். அது பாதுகாப்பான வழி, கொஞ்சம் சப்பென்றும் இருக்கும். ருசியான வழி டிராப்பை மாற்றிவிடுவது: டிரான்ஸின் பிரேக்டவுன் ஏறி ஏறி வந்து டிராப் விழ வேண்டிய அதே பீட்டில், அதன் லோவை மூடி, டெக்னோவின் கிக்கை விழச் செய்வது. 16 பீட் வரை டிரான்ஸின் மெலடி மேலே மிதக்கட்டும். பிறகு ஃபேடரை இறக்குங்கள். பிரேக்டவுனில் கிக் இல்லாததால் பீட் விலகியிருந்தாலும் காதுக்குத் தெரியாது. அதனால் அதற்கு முன்பே, கிக் இருக்கும் பகுதியில், டெக்னோவை ஹெட்போனில் மட்டும் ஓடவிட்டு ஒட்டிப் பாருங்கள். ஒட்டிய பிறகு, டிராக்கை முன்னும் பின்னும் தள்ளும் சக்கரமான ஜாக் வீல் பக்கம் விரல் போகக் கூடாது.

பதிவு

மிக்ஸெக்ஸின் ரெக்கார்டிங் அமைப்பில் வேவ் தேர்ந்தெடுத்து, கியூ கோப்பு உருவாக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். எந்த டிராக் எந்த நிமிடத்தில் வந்தது என்று அதுவே எழுதி வைத்துவிடும். நோட்பேடில் திறந்தால் நிமிடம், நொடி, அதன்பின் ஒரு நொடியில் 75 பங்கு என்ற கணக்கில் நேரம் இருக்கும். கடைசி எண்ணை விட்டுவிடலாம். மென்பொருள் உள்ளேயே பதிவதால் வீட்டில் மிக்ஸி ஓடினாலும் போன் அடித்தாலும் பதிவில் சேராது.

அளவு முக்கியம். ஒரு டிராக் மட்டும் ஓடும்போது மீட்டரின் உச்சம் மைனஸ் 6 டெசிபல் அருகே இருக்கட்டும். இரண்டு கிக் ஒரே நொடியில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 6 டெசிபல் வரை கூடும். அதற்கான இடம் அது. சிவப்பு எரிந்து பதிந்ததைப் பிறகு எதைக் கொண்டும் மீட்க முடியாது. குறைவாகப் பதிந்ததை ஒரு நிமிடத்தில் கூட்டிவிடலாம்.

ஐந்தாவது இணைப்பு கெட்டுவிட்டதா? முழுவதையும் திரும்பச் செய்யத் தேவையில்லை. ஐந்தாவது டிராக் தனியாக ஓடும் இடத்திலிருந்து, அதே வேகத்தில், அதே கீ லாக்கோடு மீண்டும் பதியுங்கள். ஆடாசிட்டியில் இரண்டு பதிவிலும் ஒரே கட்டின் முதல் கிக்கைக் கண்டுபிடித்து, கிக்குக்குச் சற்று முன்னே வெட்டி, 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடோடு (ஒன்று தேய, மற்றொன்று ஏற) ஒட்டினால் தையல் தெரியாது. இது ஏமாற்று என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேடையில் என்றால் அது சரி. வீட்டில் செய்யும் மிக்ஸுக்குக் கேட்பவரின் காதுதான் கணக்கு.

பிறகு தொடக்கத்தில் உள்ள வெற்று இடத்தில் அரை நொடி மட்டும் விட்டு மீதியை வெட்டி, வாலில் 8 நொடி ஃபேட்-அவுட் கொடுங்கள். லவுட்னஸ் நார்மலைசேஷனில் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சராசரி ஒலி அளவின் அலகு) வைப்பது பாதுகாப்பு, ஒலியைக் கூட்ட வேண்டி வந்தால் உச்சத்தைத் தாண்டவிடாத லிமிட்டரை மைனஸ் 1 டெசிபலில் போட்டுவிடுங்கள். 30 நிமிட வேவ் 16 பிட்டில் சுமார் 318 எம்.பி., 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 ஆக 72 எம்.பி. வரும். வேவை அழிக்காமல் பென்டிரைவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன் மூன்று இடத்தில் கேளுங்கள். ஹெட்போனில் பேஸும் கீயும் தெரியும். போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போகும். அங்கேயும் தாளம் பிடிபட்டால் நல்ல மிக்ஸ். மூன்றாவது கார். கிருஷ்ணகிரி–ஓசூர் 50 கிலோமீட்டருக்குள் முழு மிக்ஸையும் கேட்டுவிடலாம். வேறொருவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உறுத்தும் நிமிடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். கோயில் திருவிழா குழாய் ஸ்பீக்கர் மாதிரி மோனோவில் ஒலிக்கும் இடங்களும் உண்டு. ஆடாசிட்டியில் மோனோவாக்கி ஒரு முறை கேட்டு, டிரான்ஸின் பின்னணியில் இடமும் வலமும் விரிந்து நீளும் பேட் ஒலி கரைந்துபோகிறதா என்று பாருங்கள்.

எங்கே போடுவது

டிராக்கை வாங்கியதால் அதை வெளியிடும் உரிமை வந்துவிடாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமையாளர்கள் உண்டு. ‘பதிப்புரிமை மீறும் எண்ணமில்லை’ என்று கீழே எழுதி வைப்பதால் எதுவும் மாறாது.

டி.ஜே. மிக்ஸுக்கு ஏற்ற இடம் மிக்ஸ்கிளவுட். நீண்ட மிக்ஸுகளை ஒலிபரப்ப உரிமையாளர்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் தளம் அது. இலவசக் கணக்குக்கு வரம்பு உண்டு. பதிவேற்றும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். சவுண்ட்கிளவுட்டில் கேட்பவர் அதிகம், ஆனால் தானியங்கி சோதனை டிராக்கை அடையாளம் கண்டு மிக்ஸைத் தூக்கிவிடக்கூடும். யூடியூபில் கன்டென்ட் ஐ.டி. என்ற தானியங்கி சோதனையின் உரிமைகோரல் வந்தால் பதற வேண்டாம்: விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் வீடியோ மறைக்கப்படும். அது ஸ்ட்ரைக் அல்ல. உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொன்னால் வருவதுதான் ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். பிடிபடாமலிருக்கச் சுருதியை ஏற்றிப் போடுவது அற்பத்தனம், மிக்ஸும் கெடும். முற்றிலும் தொல்லை வேண்டாம் என்றால் மற்றவர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த டிராக்குகளை மட்டும் வைத்துச் செய்யலாம். ‘நோ டெரிவேட்டிவ்ஸ்’ (மாற்றிப் பயன்படுத்தக் கூடாது) என்று போட்டிருப்பதை எடுக்காதீர்கள்.

நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்புவதென்றால் கோப்பை டாக்குமெண்டாக இணையுங்கள். தரம் அப்படியே போகும். நொடிக்கு 2 மெகாபிட் பதிவேற்ற வேகம் இருந்தால் 72 எம்.பி. ஏற ஐந்து நிமிடம் ஆகும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் சிக்னல் விட்டு விட்டு வருமென்றால் அதிகாலையில் ஏற்றிப் பாருங்கள்.

அட்டைப்படம் சதுரமாக இருக்கட்டும். ஒகேனக்கல் அருவியோ கிருஷ்ணகிரி டேமோ, உங்கள் போனில் எடுத்த படமாக இருந்தால் போதும்; கூகுளில் கிடைத்தது வேண்டாம். தலைப்பில் வகை, வேகம், நேரம் மூன்றும் வேண்டும்: ‘டெக்னோ–டிரான்ஸ், 132–138 பி.பி.எம்., 30 நிமிடம்’. கீழே டிராக் பட்டியலை 00:00, 04:10, 08:25 என்று நேரத்தோடு, கலைஞர் பெயர், டிராக் பெயர், ரீமிக்ஸ் செய்தவர் பெயர் எல்லாம் போட்டு எழுதுங்கள். பட்டியல் இல்லாத மிக்ஸை டி.ஜே. வட்டாரத்தில் கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம் மாதிரிதான் பார்ப்பார்கள்.

லிங்க்கை அனுப்பும்போது ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள். ‘சூப்பர் மச்சி’ என்று மட்டும் பதில் வரும். ‘எந்த நிமிஷத்துல நிறுத்துன?’ என்று கேளுங்கள். நான்கு பேர் 17ஆவது நிமிடம் என்று சொன்னால், அங்கே உள்ள இணைப்பைத் திறந்து லோ நாப் எந்தப் பீட்டில் மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.